ஒரு யானைக்கு எத்தனை சுண்டெலி?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓர் அட்டையும் இருக்கும். சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் குழந்தையை எடை பார்த்து அந்த அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் மேல்நோக்கி ஏறும் ஒரு கோடு கிடைக்கும். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் செவிலியர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அம்மாவின் முகம் வாடிவிடும். ஓர் எண்ணுக்கு அத்தனை மதிப்பு!

இதே வேலையை ஆயிரக்கணக்கான உயிர்களுக்குச் செய்ய வேண்டியிருந்தால்? லண்டன் மாநகரின் ரீஜண்ட் பூங்காவில் 1828-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலங்குக்காட்சிசாலை அதைத்தான் செய்கிறது. அங்கே ஆண்டில் இரண்டு பெரிய வேலைகள். ஜனவரியில் தலை எண்ணுவது; ஆகஸ்டில் எடை போடுவது. தலை எண்ணுவது சட்டப்படி கட்டாயம். குரங்கு, வரிக்குதிரை, தவளை, சிலந்தி என்று எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும். எறும்புகளை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? ஒரு புற்றுக்கு ஒன்று என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

எண்ணுவதைவிட எடை போடுவதுதான் வேடிக்கை. "கொஞ்சம் ஏறி நில்" என்றால் எந்தப் புலி கேட்கும்? அதனால் தந்திரம் செய்கிறார்கள். பென்குவின்கள் காலை உணவான மீனுக்கு வரிசையாக நடந்து வரும் வழியில் எடைமேடையை வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் கடக்கும்போது முள் நகர்கிறது. அணில் குரங்குகளுக்குத் தட்டின் மேல் தின்பண்டம். புலிக்கு, அளவுகோல் வரைந்த கம்பத்தின் உச்சியில் ஒரு துண்டு இறைச்சி. அதை எட்டிப் பிடிக்கப் பின்னங்காலில் நிமிரும்போது உயரத்தைப் படித்துக்கொள்கிறார்கள். குச்சிப்பூச்சிக்கு நம் பென்சில் பெட்டியில் இருக்கும் அளவுகோலே போதும்.

எதற்கு இத்தனை பாடு? எடை திடீரெனக் கூடினால் வயிற்றில் குட்டி இருக்கலாம். குறைந்தால் நோய் இருக்கலாம். காட்டு விலங்கு தன் நோயை வெளியே காட்டாது. காட்டினால் எதிரிக்கு இரையாகிவிடும் அல்லவா? ஆகவே அது சுருண்டு படுப்பதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது எடைமேடை ஒன்றுதான். இந்த எண்களை உலகத்தின் பிற காட்சிசாலைகளும் பார்க்கும்படி ஒரு பொதுக் கணினிப் பதிவேட்டில் சேர்த்துவிடுகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் பிறந்த குட்டியின் வளர்ச்சி சரியா என்று ஒப்பிட அது உதவுகிறது.

மேலும் இரண்டு காரணங்கள் உண்டு: உணவு, மருந்து. இரண்டையும் எடையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் எப்படி அளப்பது? அங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "30 கிராம் எடையுள்ள வெள்ளைச் சுண்டெலி ஒன்று. 3,000 கிலோகிராம் எடையுள்ள யானை ஒன்று. யானையின் எடை சுண்டெலியின் எடையைப் போல ஒரு லட்சம் மடங்கு. அப்படியானால் யானைக்கு எத்தனை சுண்டெலிகளின் உணவுச் சத்து தேவை?" பெரும்பாலோர் ஒரு நொடியும் யோசிக்காமல் "ஒரு லட்சம்" என்பார்கள். ஒரு பென்சில் 5 ரூபாய் என்றால் 10 பென்சில் 50 ரூபாய் என்று சிறு வயதில் படித்த நேர்விகிதக் கணக்கு! கடைத்தெருவில் இந்தக் கணக்கு பிழைக்காது. உயிர்களிடம் பிழைத்துவிடும், உயிரே போகவும் கூடும்.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகர விலங்குக்காட்சிசாலையில் டஸ்கோ என்ற 14 வயது ஆண் ஆசிய யானை இருந்தது. ஆண் யானைகளுக்கு மதம் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த மதத்தைப் போன்ற நிலையை மருந்தால் உண்டாக்க முடியுமா என்று பார்க்க இரண்டு மருத்துவ ஆய்வாளர்களும் காட்சிசாலையின் இயக்குநரும் விரும்பினார்கள். எல்.எஸ்.டி. என்ற, மனத்தைக் குலைக்கும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது? பூனைகளை வெறிகொள்ளச் செய்ய ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் தேவைப்பட்டது. யானையின் எடை 2,970 கிலோ. பெருக்கினால் 297 மில்லிகிராம். அதையே ஊசியாகச் செலுத்தினார்கள்.

யானை பிளிறியது. கூண்டுக்குள் சுற்றியது. ஐந்தே நிமிடத்தில் சாய்ந்து விழுந்து வலிப்பு கண்டது. வலிப்பை அடக்க வேறு மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. ஊசி போட்டு ஒரு மணி 40 நிமிடத்தில் டஸ்கோ இறந்துவிட்டது.

பின்னர் கொடுத்த மருந்துகளுக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டா என்று பின்னாளில் விவாதம் நடந்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். விலங்குகளின் உடலளவைப் பற்றி ஆராய்ந்த நூட் ஷ்மிட்-நீல்சன் என்ற அறிஞர் 1984-இல் வெளியான தம் நூலில் இந்தக் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு, பெருக்கிய முறையே தவறு என்று காட்டினார். யானை என்பது பெரிதாக்கப்பட்ட பூனை அன்று. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சோதனை செய்யுங்கள். கொதிநீரைக் கையாள வேண்டியிருப்பதால் வீட்டில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பி குடிக்கும் சிறிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று, பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. ஒரே அண்டாவிலிருந்து சுடுநீரை எடுத்து இரண்டையும் நிரப்பித் தட்டால் மூடுங்கள். அரைமணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். தம்ளர் நீர் ஆறி வெதுவெதுப்பாகியிருக்கும். பாத்திரத்து நீர் இன்னும் சூடாகவே இருக்கும். ஒரே நீர், ஒரே உலோகம், ஒரே அறை. அளவு மட்டும்தான் வேறு.

காரணம் எளிது. வெப்பம் இருப்பது உள்ளே, அதாவது கனஅளவில். அது வெளியேறுவது மேற்பரப்பு வழியே. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6, கனஅளவு 1. பக்கத்தை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் மேற்பரப்பு 600, கனஅளவோ 1,000! பரப்பு 100 மடங்கு பெருகும்போது கனஅளவு 1,000 மடங்கு பெருகிவிடுகிறது. பெரிய பொருளுக்கு, தன் பருமனை ஒப்பிட்டால், தோல் குறைவு.

நம் யானைக்கும் சுண்டெலிக்கும் வருவோம். 3,000 கிலோ யானையின் தோலை விரித்தால் ஏறத்தாழ 20 சதுர மீட்டர் இருக்கும். மூன்று புடவைகளின் பரப்பு, அவ்வளவுதான்! சுண்டெலியின் தோலோ ஓர் உள்ளங்கை அளவு. ஆனால் ஒரு லட்சம் சுண்டெலிகளின் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தைத்தால் ஏறத்தாழ 140 புடவைகள் வரும். எடை ஒன்றே, தோல் 46 மடங்கு. அத்தனை தோலின் வழியாகவும் ஓயாமல் வெப்பம் கசிந்துகொண்டிருக்கிறது. ஈடுகட்ட ஒவ்வொரு சுண்டெலியும் தன் அடுப்பை மும்முரமாக எரித்தாக வேண்டும்.

1883-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் சிறியதும் பெரியதுமான நாய்களை வைத்து இதை அளந்தார். சிறிய நாய் ஒரு கிலோ எடைக்குக் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கியது. ஆனால் ஒரு சதுர மீட்டர் தோலுக்கு என்று கணக்கிட்டால் எல்லா நாய்களுக்கும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது. அப்படியானால் ஒரு லட்சம் சுண்டெலிகளுக்கு யானையைப் போல 46 மடங்கு உணவு வேண்டும், இல்லையா?

அழகான கணக்கு. ஆனால் இயற்கை இத்துடன் ஒத்துப்போகவில்லை. 1932-இல் மாக்ஸ் கிளைபர் (இவரும் ஒரு மாக்ஸ்!) புறா, எலி முதல் எருது வரை அளந்த எண்களை ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார். தோல் கணக்குச் சரியாக இருந்தால் எடையின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப வெப்பம் பெருக வேண்டும். புள்ளிகளோ நான்கில் மூன்று அடுக்கை ஒட்டி விழுந்தன. வெப்ப இழப்பு மட்டுமே காரணம் அன்று என்பது இதிலிருந்து தெரிகிறது. உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கிளைவிட்டுப் பிரியும் அமைப்பே நான்கில் மூன்றுக்குக் காரணம் என்று 1997-இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். அதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

நான்கில் மூன்று அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். வர்க்கமூலப் பொத்தான் உள்ள சாதாரண கால்குலேட்டர் போதும். எடை எத்தனை மடங்கு என்ற எண்ணைப் போட்டு வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். 1,00,000 போட்டால் முதலில் 316, அடுத்து 17.8 வரும். இதன் பொருள்: ஒரு கிலோ எடைக்கு என்று பார்த்தால் சுண்டெலி யானையைப் போல ஏறத்தாழ 18 மடங்கு வேகமாக எரிகிறது.

ஓய்வாக இருக்கும் சுண்டெலிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கலோரி தேவை, யானைக்கு 28,000. வகுத்துப் பாருங்கள்: யானை 5,600 சுண்டெலிகளுக்குச் சமம். ஒரு லட்சத்துக்கு அன்று! வேறு வகையிலும் சரிபார்க்கலாம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது. யானையின் இதயம் 30 முறை. இங்கும் 20 மடங்கு, நம் 18-க்கு அடுத்த வீடு.

டஸ்கோவின் கணக்கையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள். பூனையின் எடை 2.6 கிலோ, அதற்கான மருந்து 0.26 மில்லிகிராம். யானை 1,142 மடங்கு. பொத்தானை இருமுறை அழுத்தினால் 5.8. 1,142-ஐ 5.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 196. ஆக மருந்து 0.26 × 196, அதாவது 51 மில்லிகிராம். அவர்கள் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்கு! இதுகூடப் பூனைக்கும் யானைக்கும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டால்தான். மனிதனுக்குப் போதுமான அளவிலிருந்து தொடங்கிக் கணக்கிட்ட ஷ்மிட்-நீல்சனுக்கு வெறும் 3 மில்லிகிராம் என்றே விடை வந்தது.

இனி வளர்ச்சியைப் பார்ப்போம். எரியும் வேகம் மாறினால் வளரும் வேகமும் மாறத்தானே வேண்டும்? சுண்டெலிக் குஞ்சு பிறக்கும்போது ஒரு கிராமுக்குச் சற்று மேல். மூன்றே வாரத்தில் ஏறத்தாழ 10 கிராம் ஆகித் தாயை விட்டுப் பிரிந்துவிடுகிறது. ஒரு பள்ளி ஆண்டுக்குள் அது பாட்டியாகிவிடும். யானையோ 20 முதல் 22 மாதம் வயிற்றிலேயே இருந்து, 100 கிலோ எடையுடன் பிறக்கிறது. நாளுக்கு ஒரு கிலோ வரை கூடுகிறது. ஒரு கிலோ என்றால் பெரிதாகத் தோன்றும். ஆனால் தன் எடையில் அது நூற்றில் ஒரு பங்குதான். அந்த வேகத்தில் எடை இரட்டிக்க நூறு நாள் ஆகும். நம் வீட்டுக் குழந்தைக்கு இதே இரட்டிப்புக்கு ஏறத்தாழ ஐந்து மாதம். எடைக்கு ஏற்ற வரிசையில் மனிதக் குழந்தை சரியாக நிற்கவில்லை பாருங்கள். நாம் மெல்ல வளரும் சாதி. மூளையை வளர்க்க நேரம் எடுத்துக்கொள்கிறோம் என்று உயிரியல்காரர்கள் சொல்வார்கள்.

எல்லாக் கோடும் மேலேதான் ஏறும் என்றும் எண்ணிவிடாதீர்கள். லண்டன் காட்சிசாலையின் ஹம்போல்ட் பென்குவின் ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பறவை. ஆண்டுக்கு ஒருமுறை அது தன் இறகுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புதிது முளைக்கச் செய்கிறது. பழைய இறகு போய்ப் புதியது நிரம்பும்வரை உடலில் நீர் புகும், குளிர் தாங்காது, எனவே கடலில் வாழும் பென்குவின் அந்த இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் இறங்காது. இறங்காவிட்டால் மீன் இல்லை. ஆகவே முன்கூட்டியே தின்று கொழுத்து, பிறகு பட்டினி கிடந்து இளைக்கிறது. எடைக் கோடு ஒரு மலை ஏறி இறங்கியதுபோல் இருக்கும். காட்சிசாலையில் மீன் தட்டில் வந்தாலும் உடல் தன் பழைய பஞ்சாங்கத்தையே பார்க்கிறது! புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இந்தக் கோட்டைப் பார்த்தால் நோய் என்று பதறிவிடக் கூடும். பழைய ஆண்டுகளின் ஏட்டைப் புரட்டினால் அதே மலை அங்கும் நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெப்ப இரத்த விலங்குகளுக்கு. முதலையும் ஆமையும் தம் உடலைச் சூடாக்க அடுப்பு எரிப்பதில்லை. வெயிலைக் கடன் வாங்குகின்றன. ஆகவே அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவையான உணவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் அவற்றுக்கு வேண்டும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அவற்றின் உடல் வேலைகள் இரண்டு மூன்று மடங்கு விரைவுபடும். மே மாதத்தில் பாய்ந்து தின்னும் முதலை மார்கழியில் இறைச்சியைத் திரும்பியும் பார்க்காமல் கிடப்பதன் காரணம் இதுவே. சோம்பல் என்று நாம் திட்டுகிறோம். அது கல்லெறிந்து எழுப்பிப் பார்க்க வேண்டிய சோம்பல் அன்று. (எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களே எறிகிறார்கள்.)

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் விலங்குக்காட்சிசாலை 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்பவரால் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கப்பட்டது. 1863-இல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் சிங்கம் கர்ஜித்ததை உங்கள் தாத்தா பாட்டி கேட்டிருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். 1985-இல் வண்டலூருக்கு வந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது.

லண்டனில் குளிர்காலக் கவலை சிறிய விலங்குகளைப் பற்றியது: கையளவு குரங்குகளுக்குச் சூடேற்றிய அறை வேண்டும். சென்னைப் பக்கத்தில் கவலை மே மாதத்தில், அதுவும் பெரிய விலங்குகளைப் பற்றியது. தோல் குறைந்த பெரிய உடல், குளிரில் எத்தனை வசதியோ, வெயிலில் அத்தனை தொல்லை. யானை ஓய்வாக நின்றாலும் நாளொன்றுக்கு 28,000 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் காது உதவும்; மெல்லிய அந்தப் பெரிய மடலில் இரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கின்றன; விசிறினால் வெப்பம் போகும். ஆனால் காற்றே 40 பாகை செல்சியஸாக இருக்கும் நடுப்பகலில்? யானையின் உடல் 36 பாகைதான். வெப்பம் உள்ளிருந்து வெளியே போவதற்குப் பதில் வெளியிலிருந்து உள்ளே வரும். அப்போது காதை எவ்வளவு விசிறினாலும் பயனில்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி நீர் ஆவியாதல்.

யானைக்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. வெளியிலிருந்துதான் நீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 28,000-ஐ 580-ஆல் வகுத்தால் 48. அதாவது நாள் முழுவதும் உண்டாகும் வெப்பத்தை நீக்க அதன் தோலின் மேல் 48 லிட்டர் நீர் ஆவியானால் போதும், மூன்று குடம்! கீழே வழிந்தோடும் நீர் இந்தக் கணக்கில் பெரிதாகச் சேராது என்பதால் தாராளமாகவே ஊற்ற வேண்டும். கோடையில் பூங்காக்களில் யானையின் மேல் குழாயால் நீர் பீய்ச்சும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்து, "பாவம், விளையாடுகிறது" என்று புரட்டிவிடுவோம். விளையாட்டும்தான், ஆனால் சேறு பூசிக்கொள்வதும் நீரில் நிற்பதும் யானைக்கு உயிர்ப் பிரச்சினை. சேற்றில் உள்ள ஈரம் வெறும் நீரைவிட மெதுவாக உலர்வதால் குளிர்ச்சி நீடிக்கிறது.

இனி நீங்களே ஒரு கணக்கைப் போடுங்கள். உங்கள் தெருப் பூனையின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிங்கத்தின் எடை 180 கிலோ. எத்தனை பூனைகளின் சாப்பாடு ஒரு சிங்கத்துக்கு வேண்டும்? இந்தியக் காட்சிசாலைகள் பலவற்றில் சிங்கத்துக்கும் புலிக்கும் வாரத்தில் ஒரு நாள் விரதம் உண்டு. அதை இப்போது கணக்கில் சேர்க்க வேண்டாம். 45 என்று எழுதினால் பென்சில் கடைக்குப் போய்விட்டீர்கள். விடை 17-க்கும் 18-க்கும் இடையில் வந்தால் பொத்தானைச் சரியாக அழுத்தியிருக்கிறீர்கள்.